லைம் நோய்க்கு அனுபவமுள்ள மருத்துவரைத் தேடுபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லைம் நோய் உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியா தொற்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் பல பிள்ளைகளுக்கு மூட்டு வீங்குவதைக் கவனித்து, 1975-ல் அதை அதிகாரிகளிடம் விடாமல் எடுத்துச் சொன்னவர்கள் தாய்மார்கள். பாலி மர்ரே என்ற தாய் தன் குடும்பத்தின் நோய்க்குறிப்புகளைப் பல ஆண்டுகளாக எழுதி வைத்திருந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டியர் அதைக் காதுகொடுத்துக் கேட்டு ஆராய்ந்தார். 1981-ல் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலில் அந்தச் சுருள்வடிவக் கிருமியைக் கண்டார். அவர் பெயரையே கிருமிக்கு வைத்தார்கள்: பொரேலியா பர்க்டார்ஃபெரி.

இன்று அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் இந்த நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. மதிப்பிட்டிருக்கிறது. அப்படியும் "லைம் தெரிந்த டாக்டர் யார்?" என்ற தேடல் பலரை அலைக்கழிக்கிறது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

உண்ணி கடித்து ஒரு வாரம் ஆகிறது. தோலில் சிவப்பாக ஒரு வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. லைம் நிபுணரைத் தேட வேண்டுமா?

வேண்டாம். தேடுவதில் கழியும் நாட்கள்தான் இங்கே நஷ்டம். இன்றே போய்ப் பார்க்கக்கூடிய பொது மருத்துவரிடமோ குடும்ப மருத்துவரிடமோ அவசர சிகிச்சை மையத்திலோ காட்டுங்கள்.

கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள், பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து, கடிபட்ட இடத்தில் சிவந்து விரியும் அந்தத் தடிப்பே போதுமான அடையாளம். லைம் பரவலாக உள்ள பகுதியில் இருப்பவருக்கு இது வந்தால் ரத்தப் பரிசோதனை இல்லாமலே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். இந்தக் கட்டத்தில் ரத்தத்தில், கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள் இன்னும் உருவாகியிருக்காது என்பதால் பரிசோதனை 'இல்லை' என்றே வர வாய்ப்பு அதிகம். அதை நம்பி மருந்து தராமல் அனுப்பினால் நோய் நரம்புக்கும் மூட்டுக்கும் இதயத்துக்கும் பரவ இடம் கொடுத்ததாகும்.

சிகிச்சை எளியது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை 10 நாட்கள், அல்லது அமாக்சிசிலின் அல்லது செஃப்யூராக்ஸிம் 14 நாட்கள் என்பது 2020-ல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல். பிரிட்டனில் 21 நாட்கள் தருகிறார்கள். இந்தக் கட்டத்தில் மருந்து எடுத்துக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முழுதாகக் குணமாகிறார்கள்.

மருத்துவரிடம் போகும்முன் செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள் உண்டு. தடிப்பைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அதன் விளிம்பைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள்; மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் விரிகிறது என்று காட்ட வேறு சாட்சி வேண்டாம்.

நம்மைப் போன்ற மாநிறத்தவரும் கறுத்த தோலுடையவரும் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகங்களில் காட்டப்படும், நடுவில் புள்ளியும் சுற்றிலும் வளையமுமான அம்பு இலக்குப் படம் வெள்ளைத் தோலில்கூட எல்லோருக்கும் வருவதில்லை. ஒரே சீராகச் சிவந்த தடிப்பாகவும் வரும். கருமை கூடிய தோலில் அது சிராய்ப்போ ரத்தக்கட்டோ போலத் தெரிந்து கவனத்துக்கே வராமல் போகலாம். "சிவப்பு வளையம் இல்லையே" என்று மருத்துவர் சொன்னால், "கறுத்த தோலில் இது எப்படித் தெரியும் டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

தடிப்பு எதுவும் இல்லை. உண்ணியை இப்போதுதான் பிடுங்கி எடுத்தோம். மருத்துவரைப் பார்க்கவா?

நோய்க்கிருமி சுமக்கும் வகை உண்ணி, லைம் பரவலாக உள்ள பகுதி, உடலில் 36 மணி நேரமோ அதற்கு மேலோ ஒட்டியிருந்தது: இந்த மூன்றும் சேர்ந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேளை டாக்ஸிசைக்ளின் தரலாம். பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பொதுவாகக் காத்திருந்து கவனிப்பதே வழக்கம். எடுத்த உண்ணியைத் தூக்கி எறியாமல் ஒட்டும் நாடாவில் ஒட்டி வைத்தால் எந்த வகை என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல உதவும். ஆனால் உண்ணிக்குள் கிருமி இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருப்பதில் பயனில்லை. உண்ணியில் கிருமி இருந்தால் உங்கள் உடலிலும் இருக்கிறது என்று ஆகிவிடாது.

எப்போது மருத்துவரைத் தேடாமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்?

மயக்கம், நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. லைம் கிருமி இதயத்தின் மின்னோட்டப் பாதையைத் தாக்கினால் துடிப்பு திடீரென்று மந்தமாகலாம். அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, தேவையானால் மருத்துவமனையில் வைத்து ரத்தநாளம் வழியே மருந்து தருவார்கள். தற்காலிக பேஸ்மேக்கர்கூடத் தேவைப்படலாம். சில நாட்களில் துடிப்பு சீராகி அதை எடுத்துவிடுவது வழக்கம். கடும் தலைவலியோடு கழுத்து இறுக்கம், கை கால் பலவீனம், குழப்பம் இருந்தாலும் அவசரப் பிரிவுதான்.

'லைம் ஸ்பெஷலிஸ்ட்' என்று தனிப் பட்டம் உண்டா?

இல்லை. அமெரிக்காவிலும் சரி, பிரிட்டனிலும் சரி, லைம் நோய்க்கென்று தனி மருத்துவத் தகுதித் தேர்வு கிடையாது. பெயர்ப் பலகையில் அப்படிப் போட்டிருந்தால் அது அவரே சூட்டிக்கொண்டது. அவர் நல்ல மருத்துவராகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பலகை அதைச் சொல்லாது. பார்க்க வேண்டியது அடிப்படைத் தகுதி: எந்தத் துறையில் நிபுணர், உரிமம் நடப்பில் இருக்கிறதா, மருத்துவக் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா என்பவை. அமெரிக்காவில் அந்தந்த மாநில மருத்துவ வாரியத்தின் தளத்திலும், பிரிட்டனில் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டிலும் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும்.

அப்படியானால் எந்தத் துறை மருத்துவரிடம் போவது?

என்ன தொந்தரவு என்பதைப் பொறுத்தது. தொற்றுநோய் நிபுணர்தான் பொதுவாக இந்த நோயின் எல்லா முகங்களையும் பார்த்தவர். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை காலில் மின்சாரம் பாய்வது போன்ற நரம்பு வலி என்றால் நரம்பியல் நிபுணர். முழங்கால் பெரிதாக வீங்கி நிற்பது லைம் மூட்டழற்சியின் தனி அடையாளம். அதற்கு 28 நாட்கள் மாத்திரை தருவார்கள். அதன் பிறகும் வீக்கம் வடியாவிட்டால் மூட்டுநோய் நிபுணரின் வேலை தொடங்குகிறது, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் பிரச்சினை கிருமியைவிட நம் நோயெதிர்ப்பு அமைப்பின் கோபமாக இருக்கக்கூடும்.

இவர்கள் எல்லோரையும் ஒருங்கிணைக்க நல்ல குடும்ப மருத்துவர் ஒருவர் வேண்டும். அவர் இல்லாமல் நான்கு நிபுணர்களிடம் தனித்தனியாக ஓடுகிறவர்களின் கதை ஒருவர் கையிலும் முழுதாகச் சேர்வதில்லை. முதலில் அவரைத் தேடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

ஒரு மருத்துவர் 10 நாள் மருந்து போதும் என்கிறார். இன்னொருவர் ஒரு வருடம் எடுக்க வேண்டும் என்கிறார். ஏன் இப்படி?

லைம் விஷயத்தில் மருத்துவ உலகத்துக்குள்ளேயே பல ஆண்டுகளாக ஒரு பெரிய சர்ச்சை நடக்கிறது. மருத்துவரைத் தேடுகிறவர் அதைத் தெரிந்துகொண்டே தேட வேண்டும். இல்லாவிட்டால் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரியாமலே உள்ளே போய்விடுவோம்.

ஒரு பக்கம் அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கமான ஐ.டி.எஸ்.ஏ. அது 2020-ல் நரம்பியல், மூட்டுநோய்ச் சங்கங்களோடு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலைத்தான் பெரும்பாலான மருத்துவமனைகள் பின்பற்றுகின்றன. மறு பக்கம் 1999-ல் தொடங்கிய ஐ.எல்.ஏ.டி.எஸ். என்ற அமைப்பு. லைம் கிருமி சிகிச்சைக்குப் பிறகும் உடலில் நீடிக்கிறது, நீண்ட கால ஆன்டிபயாடிக் வேண்டும் என்பது அவர்கள் நிலை. நோயாளிகள் வட்டாரத்தில் 'லைம் லிட்டரேட்' (லைம் அறிந்த) மருத்துவர் என்று சொல்லப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவர்கள். சண்டை அரசின் சட்டத்துறை வரைகூடப் போயிற்று. 2006-ல் வெளியான ஐ.டி.எஸ்.ஏ. வழிகாட்டுதலைக் கனெக்டிகட் மாநிலத்தின் அன்றைய அட்டர்னி ஜெனரல் (அரசுத் தலைமை வழக்கறிஞர்) ரிச்சர்ட் புளூமெந்தால் விசாரித்தார். 2008-ல் சமரசம் ஏற்பட்டு, தனிக் குழு ஒன்று மறு ஆய்வு செய்து 2010-ல் அந்தப் பரிந்துரைகள் சரியே என்றது.

சோதனைகள் என்ன சொல்கின்றன? 2001-ல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்குப் பிறகும் அவதிப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு 30 நாள் ரத்தநாளம் வழி மருந்தும் 60 நாள் மாத்திரையும் தந்து பார்த்தார்கள். மருந்துப் பொருள் எதுவும் இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களைவிட அவர்கள் தேறவில்லை. 2016-ல் நெதர்லாந்தில் 280 பேரிடம் நடந்த ஆய்வில் எல்லோருக்கும் இரண்டு வாரம் ரத்தநாளம் வழி மருந்து தந்துவிட்டு, அதன்பின் 12 வாரம் கூடுதல் ஆன்டிபயாடிக் அல்லது வெற்று மருந்து தந்தார்கள். அங்கும் வித்தியாசம் இல்லை. 2003-ல் ஓர் ஆய்வு மட்டும் சோர்வு ஓரளவு குறைந்ததாகக் கண்டது. ஆனால் அதை நடத்தியவர்களே பக்க விளைவுகளைப் பார்த்து அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை.

ரத்தநாளத்தில் மாதக்கணக்கில் குழாய் இருந்தால் ரத்தத்தில் தொற்று, ரத்தக்கட்டி, குடலைப் புண்ணாக்கும் கடும் வயிற்றுப்போக்கு எல்லாம் வரலாம். இப்படி நடந்து உயிரிழந்தவர்களும் உண்டு. சான்றுகள் எந்தப் பக்கம் கனக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை: மாதக்கணக்கான ஆன்டிபயாடிக் பலன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை, தீங்கு நிரூபிக்கப்பட்டிருக்கிறது.

அதே சமயம் அந்த நோயாளிகள் ஏன் அந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதும் புரிகிறது. அங்கே ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். வேறு இடங்களில் ஏழு நிமிடத்தில் எழுப்பி அனுப்பிவிட்டார்கள். கேட்கிற பொறுமையும் சான்றுக்குக் கட்டுப்படுகிற நேர்மையும் ஒரே மருத்துவரிடம் இருக்க முடியும். தேட வேண்டியது அவரைத்தான்.

அவரை எங்கே தேடுவது?

நோய் அதிகமாக உள்ள ஊர்களில். இது பெரிய ரகசியமில்லை. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் பென்சில்வேனியா, மினசோட்டா, விஸ்கான்சினிலும் சாதாரணப் பொது மருத்துவர்கூட ஒவ்வொரு கோடையிலும் லைம் தடிப்பைப் பார்த்துப் பழகியவர். அப்படிப்பட்டவரின் அனுபவம், நோயே இல்லாத மாநிலத்தில் 'நிபுணர்' என்று சொல்லிக்கொள்பவரின் அனுபவத்தைவிட மேல். ஐரோப்பாவில் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவீனியா, பால்டிக் நாடுகள், தெற்கு ஸ்வீடன் முதலிய இடங்களில் உள்ளவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

குழப்பமான நிலை என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தொற்றுநோய்ப் பிரிவு நல்ல தொடக்கம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் லைம் நோய்க்கென்றே ஆய்வு மையங்கள் இருக்கின்றன. பிரான்சில் உண்ணி வழி நோய்களுக்கென்று அரசு அங்கீகரித்த ஐந்து மையங்கள் உண்டு. இத்தகைய இடங்களில் நேராக நோயாளியை எடுத்துக்கொள்கிறார்களா, பரிந்துரைக் கடிதம் வேண்டுமா என்பதைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள்.

நோயாளிகள் குழுக்களில் கேட்பது? கேளுங்கள், ஆனால் "யார் நல்லவர்?" என்று கேட்டால் பெயர் மட்டும் வரும். "அவர் எந்தப் பரிசோதனை செய்தார், எத்தனை நாள் மருந்து கொடுத்தார், லைம் இல்லை என்று யாருக்காவது சொன்னாரா?" என்று கேட்டால் அவரைப் பற்றிய உண்மை வரும்.

முதல் சந்திப்பில் என்ன கேட்டால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியும்?

"கடந்த கோடையில் எத்தனை லைம் நோயாளிகளைப் பார்த்திருப்பீர்கள் டாக்டர்?" என்பது சாதாரணக் கேள்வி, அனுபவமுள்ளவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். எந்த வழிகாட்டுதலைப் பின்பற்றுகிறீர்கள் என்றும் கேட்கலாம். பின்பற்றாவிட்டால் ஏன் என்று அவர் விளக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது: "இது லைம் இல்லாவிட்டால் வேறு என்னவாக இருக்கலாம்?"

இந்தக் கேள்விக்கு வரும் பதிலை உன்னிப்பாகக் கேளுங்கள். தைராய்டு, பி12 குறைபாடு, ரத்தசோகை, லூபஸ், முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தூக்கத்தில் மூச்சடைப்பு, மன அழுத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எதை எப்படிப் பார்த்து விலக்கலாம் என்று யோசிப்பவர் நல்ல மருத்துவர். "லைம்தான், சந்தேகமே இல்லை" என்று பரிசோதனைக்கு முன்பே முடித்துவிடுகிறவரும், "லைமாவது ஒன்றாவது" என்று கையை உதறுகிறவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: இருவரும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்து, "இந்த மருந்து வேலை செய்கிறதா என்று எப்போது, எதை வைத்து முடிவு செய்வோம்?" என்று கேளுங்கள். முடிவுத் தேதி இல்லாத சிகிச்சை எதுவானாலும் யோசிக்க வேண்டியதே. மருந்து தொடங்கிய முதல் ஓரிரு நாளில் சிலருக்குக் காய்ச்சலும் வலியும் கூடிக் குறைவது உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் உடல் மோசமாகிக்கொண்டே போவதை "கிருமி சாகிறது, நல்ல அறிகுறி" என்று ஒருவர் சமாதானம் சொன்னால் அதை ஏற்காதீர்கள். அப்படி ஒரு விளக்கம் இருந்தால் மருந்து ஒருபோதும் தோற்க முடியாது. தோற்க முடியாத மருந்தை யாரும் நிறுத்தவும் மாட்டார்கள்.

லைம் உண்ணியே வேறு நோய்களையும் சுமக்கும் என்பதை அவர் நினைவில் வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். கடும் காய்ச்சலும் ரத்தத்தில் வெள்ளணு குறைவதும் அனாப்ளாஸ்மா என்ற பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம். சிவப்பணுவுக்குள் வளரும் பபேசியா என்ற ஒட்டுண்ணி டாக்ஸிசைக்ளினுக்கு அடங்காது. அதற்கு அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் வேண்டும். மண்ணீரல் எடுத்தவர்களுக்கு அது மிக ஆபத்தானது.

எந்த அறிகுறியைப் பார்த்தால் எழுந்து வந்துவிட வேண்டும்?

சிறுநீரில் லைம் கண்டுபிடிக்கிறோம், ரத்தத்துளியை நுண்ணோக்கியில் நேரில் காட்டுகிறோம் என்று சொன்னால். அங்கீகரிக்கப்படாத பரிசோதனைகளை ஒரே ஆய்வகத்துக்கு மட்டும் அனுப்பச் சொன்னால். தன் மருத்துவமனையிலேயே விற்கும் சத்து மருந்துகளை மாதாமாதம் வாங்கச் சொன்னால். முழுத் தொகையை முன்கூட்டிக் கட்டச் சொன்னால். எழுத்தில் எதையும் தர மறுத்தால். பிஸ்மத் கலந்த ஊசி மருந்து ஒன்றை லைமுக்கென்று போட்டு உயிரிழப்பு நேர்ந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006-ல் எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. வேதனையில் இருப்பவர் எதையும் முயன்று பார்க்கத் துணிவார். அந்தத் துணிவை வைத்துப் பிழைப்பவர்களிடமிருந்து உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் 'பாசிடிவ்' என்று வந்திருக்கிறது. பல மாதத் தொந்தரவு. லைம் உறுதிதானே?

எது பாசிடிவ் என்று பாருங்கள். பரிசோதனை இரண்டு கட்டமானது. முதலில் ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா வகைப் பரிசோதனை. அதில் சந்தேகம் வந்தால் மட்டுமே இரண்டாவது. இரண்டாவது, எதிர்ப்பொருள்களைத் தனித்தனிக் கோடுகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டாக இருக்கலாம். 2019 முதல் அமெரிக்காவில் இன்னொரு எலைசா வகைப் பரிசோதனையாகவும் இருக்கலாம். வெஸ்டர்ன் பிளாட்டில், முதலில் உருவாகும் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருள் வகைக்கு மூன்று கோடுகளில் இரண்டு தெரிந்தால் பாசிடிவ், பிறகு உருவாகும் ஐ.ஜி.ஜி. வகைக்குப் பத்தில் ஐந்து தெரிந்தால் பாசிடிவ். ஐ.ஜி.எம். முடிவுக்கு நோய் தொடங்கிய முதல் மாதத்தில் மட்டுமே மதிப்பு. ஆறு மாதமாக வலி என்கிறவருக்கு ஐ.ஜி.எம். மட்டும் பாசிடிவ் என்றால் அது பொய் எச்சரிக்கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதை வைத்துத்தான் பலர் தவறான சிகிச்சைக்குள் தள்ளப்படுகிறார்கள்.

இன்னொன்று. எதிர்ப்பொருள் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். குணமானவருக்கும் பாசிடிவ் வரும். எனவே குணமாகிவிட்டதா என்று பார்க்க இந்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் அர்த்தமில்லை. இதைத் தானாகவே உங்களுக்கு விளக்குகிற மருத்துவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

முறையான சிகிச்சை முடிந்தும் சோர்வும் வலியும் மறதியும் போகவில்லை. இப்போது யாரிடம் போவது?

இது கற்பனை அல்ல. சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்கு மேலும் இத்தகைய தொந்தரவுகள் தொடர்வதாக மதிப்பிடப்படுகிறது. சிகிச்சைக்குப் பிந்தைய லைம் நோய்க்குறி என்று அதற்கு மருத்துவத்தில் பெயரே உண்டு. நோயெதிர்ப்பு அமைப்பு அடங்காதிருப்பதா, கிருமியின் எச்சங்கள் திசுவில் தங்குவதா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த நிலையில் உங்களுக்கு வேண்டியவர் ஆன்டிபயாடிக் எழுதுகிறவர் அல்ல; தூக்கம், வலி, மனநிலை, படிப்படியான உடலியக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறவர். பொது மருத்துவர், வலி மருத்துவர், இயன்முறை மருத்துவர் என்று சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. பலர் மாதங்களில் மெல்லத் தேறுகிறார்கள். அந்த மாதங்களில் "உங்களை நம்புகிறேன், அடுத்த மாதம் மறுபடி பார்ப்போம்" என்று சொல்கிற மருத்துவர் இருப்பதே பெரிய பலம்.

"எல்லாம் மனப்பிரமை" என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். என்ன செய்ய?

முதலில், "எதை வைத்து லைம் இல்லை என்று சொல்கிறீர்கள், அதைக் குறிப்பில் எழுதித் தர முடியுமா?" என்று அமைதியாகக் கேளுங்கள். காரணம் சொன்னால் அது அடுத்த மருத்துவருக்குப் பயன்படும். சொல்லாவிட்டால் வேறு ஒருவரிடம் போகலாம், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். வீட்டில் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். "முன்பு நாள் முழுதும் வேலை பார்த்தவர், இப்போது மாடி ஏற முடியவில்லை" என்று கூடவே இருக்கிறவர் சொல்லும்போது மருத்துவர் நிமிர்ந்து பார்ப்பார்.

அதேபோல் மருத்துவர் மன அழுத்தத்தைப் பற்றி விசாரித்தாலே அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. நீண்ட நோய் மனத்தையும் வாட்டும். அதற்கும் சிகிச்சை பெறுவது உடல் நோயைப் பொய் என்று ஒப்புக்கொள்வதாகாது.

என்னென்ன எடுத்துக்கொண்டு போவது?

ஒரு பக்கத்துக்கு மிகாத நாள்வரிசை: எங்கே இருந்தீர்கள், எப்போது காட்டுப்பகுதியிலோ புல்வெளியிலோ நடந்தீர்கள், கடி தெரியுமா, முதல் அறிகுறி எந்த மாதம், என்ன மருந்து எத்தனை நாள். தடிப்பின் படங்கள். பழைய பரிசோதனை அறிக்கைகளின் முழு நகல், 'பாசிடிவ்' என்ற ஒற்றைச் சொல் அல்ல. உங்களை அதிகம் வாட்டும் மூன்று தொந்தரவுகளை மேலே எழுதுங்கள். நாற்பது அறிகுறிகள் கொண்ட தாளை நீட்டினால் மருத்துவரின் கண் எதிலும் நிற்காது.

லைம் பரவலாக உள்ள நாட்டுக்குப் போய்விட்டு, அந்த நோயே இல்லாத ஊருக்குத் திரும்பிய பிறகு உடம்பு சரியில்லை. இங்கே யாருக்கும் லைம் தெரியாதே?

தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் சொல்ல வேண்டும். போன இடம், மாதம், வெளியில் கழித்த நேரம் மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பயண விவரம் இல்லாமல் எந்த மருத்துவருக்கும் லைம் நினைவுக்கு வராது. தொற்றுநோய்ப் பிரிவோ பயண மருத்துவப் பிரிவோ உள்ள மருத்துவமனை நல்லது. எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதும் முக்கியம்: ஐரோப்பாவில் இந்த நோயைத் தருவது பெரும்பாலும் பொரேலியா அஃப்செலி, பொரேலியா காரினி என்ற உறவுக் கிருமிகள். அமெரிக்கக் கிருமிக்கு மட்டும் வடிவமைத்த பரிசோதனை அவற்றைத் தவறவிடலாம்.

எந்தப் பயணமும் இல்லாமல், நோய் இல்லாத இடத்திலேயே இருந்தவருக்கு லைம் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால், இன்னொரு கருத்துக் கேட்காமல் மருந்தைத் தொடங்காதீர்கள்.

குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தனி மருத்துவர் வேண்டுமா?

குழந்தை நல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் போதும், தேவையானால் தொற்றுநோய் நிபுணரைக் கலந்துகொள்வார்கள். எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் பல்லைக் கறையாக்கும் என்ற பழைய அச்சம் இன்று தளர்ந்துவிட்டது. 21 நாட்கள் வரை தரலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக அமாக்சிசிலின் தருவார்கள்.

காணொளி வழியாக ஆலோசனை பெறலாமா?

தடிப்பைக் காட்டவும் அறிக்கைகளைக் கலந்து பேசவும் உதவும். மூட்டைத் தொட்டுப் பார்க்கவும் நரம்புகளைச் சோதிக்கவும் இதயத் துடிப்பைப் பதியவும் நேரில்தான் போக வேண்டும். நேரில் ஒரு முறைகூடப் பார்க்காமல் மாதக்கணக்கான மருந்தை எழுதுகிறவரை நம்ப வேண்டாம்.

எத்தனை மருத்துவர்களை மாற்றலாம்?

இரண்டாம் கருத்து உங்கள் உரிமை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று நேரம் கொடுங்கள்: அவர் சொன்ன பரிசோதனைகள் முடிந்து, மறுசந்திப்பில் அவர் என்ன யோசிக்கிறார் என்று கேட்கும் வரை. மாறுவதாக இருந்தால் முந்தையவரின் குறிப்புகளைக் கேட்டு வாங்கி அடுத்தவரிடம் முழுதாகக் கொடுங்கள், உங்களுக்குப் பிடிக்காத முடிவு எழுதியிருக்கும் பக்கத்தையும் சேர்த்து.